வாகை மரத்தில் ஒரு வாசற்கதவு

எங்கள் புது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசற்கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். தேக்கா என்று கேட்கிறார்கள். இல்லை, வாகை, இங்கேயே நின்ற மரம் என்று என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். தீப்பிடித்த மரத்தை விறகுக்குப் போகவிடாமல் அறுத்துக் கதவாக்கிய கதையை அவர் ஆரம்பித்ததும், காபி போடுகிற சாக்கில் நான் சமையலறைக்குள் நழுவிவிடுவேன். அவர் சொல்லும் கதையில் நான் வருவதில்லை. எனக்காகத்தான் என்னை விட்டுவிட்டுச் சொல்கிறார்.

மந்தைவெளியில் எங்கள் பழைய வீட்டின் காம்பவுண்டுச் சுவர் ஒரு மூலையில் நின்று, வாகை மரத்துக்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் மறுபடி தொடங்கும். மரமே அந்த இடத்தில் சுவர். அதன் ஒரு பாதி தெருவைப் பார்த்தது, மறுபாதி எங்கள் தோட்டத்தை. தெருப் பக்கத்து நிழலில் ஒரு இஸ்திரி வண்டி. நாங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் நின்றது. இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவர்கள். பிறகு அரசாங்கம் அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கெல்லாம் வந்து வண்டியைத் திறந்துவிடுவார்கள். அங்கேயே போட்டுக்கொள்ளக் கூடாதா, எதற்கு இந்த அலைச்சல் என்று ஒருமுறை கேட்டேன்.

“அங்க யாரும்மா சட்டைக்கு இஸ்திரி போடுறாங்கோ? ஆபீஸ் போறவங்கல்லாம் இங்கதான கீறாங்கோ,” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி போடாவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது. கடையில் விற்கிற கப் சாம்பிராணி எனக்கு ஆகாது, கரித்தணல்தான் வேண்டும். தூபக்காலை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினால் இஸ்திரிக்காரர் கேட்காமலே கரி இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறப்பார். நன்றாகப் பழுத்த கங்காக நாலைந்து பொறுக்கி இடுக்கியால் எடுத்து வைப்பார். “சாமிக்கும்மா,” என்று சொல்லிக் காசு வாங்க மாட்டார். வீடு முழுக்கப் புகை காட்டிய பிறகு மிச்சத் தணலை நான் தோட்டத்துப் பக்கம் வாகையில் முழங்கால் உயரத்தில் இருந்த பொந்தில் கொட்டுவேன். அது காலில் மிதிபடக் கூடாது, குப்பைத் தொட்டிக்கும் போகக் கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. கொட்டியதும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஊற்றவில்லை. உள்ளே போன் அடித்தது, ஓடினேன். காரணம் அவ்வளவுதான். அழைத்தது என் தங்கை. புடவைக் கடைத் தள்ளுபடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். பேசி முடித்தபோது செம்பு ஞாபகமே இல்லை.

அது மாசிக் கடைசி. வாகை நெற்றுகள் காய்ந்து காற்றடிக்கும்போதெல்லாம் கலகலத்துக்கொண்டிருந்தன. பொந்துக்குள் நெற்றும் சருகும் அடைந்து கிடந்தன. அந்தப் பொந்து உள்ளுக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு மேல் போகிறது என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் வண்டிக்கு நேர் மேலே, தெருப் பக்கம் ஒரு கணுவிலிருந்து புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் தீ. இஸ்திரிக்காரரும் மனைவியும் எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள். எரிந்த கிளை முறிந்து வண்டிமேல் விழுந்தது. அதில் இருந்த எட்டு வீட்டுத் துணியும் போயிற்று. இஸ்திரிப் பெட்டி மட்டும் பித்தளை என்பதால் தப்பியது.

தீயணைப்பு வண்டி வந்து போவதற்குள் தெரு தீர்ப்பெழுதிவிட்டது. “கரியை வெச்சுக்கிட்டு மரத்தடியில நின்னா வேற என்ன ஆகும்?” என்றார்கள். துணி போனவர்கள் இன்னும் காட்டமாகச் சொன்னார்கள்.

“பொட்டிக்கு மூடி கீது சார். நெருப்பு வெளிய வுழவே வுழாது. இத்தினி வருசமா வுழுந்துகீதா?” என்று இஸ்திரிக்காரர் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டருகே நின்ற என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் கலைந்ததும் தோட்டத்துப் பக்கம் போய் பொந்துக்குள் கையை விட்டேன். ஈரச் சாம்பல் அகப்பட்டது. கரிந்த வாசனைக்கு அடியில் சாம்பிராணி வாசனை இருந்தது. ஒரு முறம் நிறைய வாரி, ரோஜாத் தொட்டிகளில் போட்டுக் கிளறிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரால் அடித்துக் கழுவினேன். அவ்வளவு சுத்தமாக நான் என் பூஜையறையைக்கூடக் கழுவியதில்லை.

மறுநாள் தெருச் சங்கம் கூடி, இனி இந்தத் தெருவில் இஸ்திரி வண்டி கூடாது என்று முடிவு செய்தது. எனக்கு வாய் அதிகம் என்று உறவில் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்கிறவள். அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், வெட்கம். எட்டு வீட்டுக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். அதற்காக ஒரு மனிதனின் பிழைப்பைப் போகவிட்டேன்.

பழைய வீட்டை இடித்துக் கட்டுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து, செத்துவிட்டது என்று நினைத்த வாகையில் தெருப் பக்கம் தளிர் விட்டது. என் கணவர் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தார்.

“பொழைச்சுக்கும்போல இருக்கே. பிளானைக் கொஞ்சம் மாத்தி மரத்தை விட்டு வெப்போமா?”

“வேண்டாங்க, வெட்டிடுங்க,” என்றேன். “உள்ளே பூரா பொந்து. என்னிக்கு யார் தலையில விழுமோ.”

யார் தலையைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. காலையில் கோலம் போட வரும்போதெல்லாம் அந்தப் பொந்து கண்ணில் படுகிறதே, அதுதான். முறைப்படி மனுக் கொடுத்து அனுமதி வாங்கி வெட்டினோம். அடிமரம் ஆறடித் துண்டும் ஏழடித் துண்டுமாக லாரியில் சைதாப்பேட்டை அறுவை மில்லுக்குப் போயிற்று. கதவு நமது மரத்தில்தான் என்று கணவர் அதற்குள் முடிவெடுத்துவிட்டார். அறுக்கும்போது நீயும் வந்து பார் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மில் முதலாளி ஒரு பாய், சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். நேராக வாளில் கொடுத்தால் கரி பிளேடைத் தின்றுவிடும் என்று முதலில் கருகிய மேல்பாகத்தை வாச்சியால் செதுக்கச் சொன்னார். பிறகு காந்தத்தை வைத்து மரம் முழுக்கத் தேய்த்து ஆணி தேடினார். ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு ஆணி கிடைத்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த ஆணிகள். ஒன்றில் சாப்பாட்டுப் பை தொங்கும், ஒன்றில் முருகன் படம், மற்றவற்றில் தேய்த்த சட்டைகள்.

வாள் இறங்கியதும் எல்லாரும் தும்ம ஆரம்பித்தார்கள். வாகைத் தூள் மூக்கை விடாது. மில் ஆட்கள் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டார்கள். கருப்புத் தோலுக்குள்ளிருந்து நல்ல வைரம் பாய்ந்த பலகை வந்தது, காபிப்பொடி நிறத்தில், கோடு கோடாக. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் கணவர் போனை எடுத்துப் படம் பிடித்துத் தள்ளினார். பாய் ஒரு பலகையைத் தூக்கி நிறுத்தி விரலால் காட்டினார்.

“ஆணி கீற பக்கம் ரோடு, சரியா? பாருங்கோ, பட்டையோட நல்லா உயிரா கீது. நெருப்பு பூந்தது இந்தாண்ட, உங்க தோட்டத்துப் பக்கம். உள்ளாறயே பொகஞ்சிக்கினு மேல போயி, அந்தக் கணு வழியா ரோட்டாண்ட வந்துகீது. இதை வெட்டாம வுட்டிருந்தா ரெண்டு வருசத்துல பழையபடி குடை புடிச்சிருக்கும் சார்.”

“நம்ம தோட்டத்துல யாரு நெருப்பு வெக்கப் போறா?” என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. “தூசி ஒத்துக்கலை உனக்கு. போய் வெளியில நில்லு,” என்றார்.

திரும்பும்போது நந்தனம் சிக்னலில் கார் நின்றது. அங்கே சொன்னேன். தணல், செம்பு, போன், ரோஜாத் தொட்டி எல்லாவற்றையும். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, “மூணு மாசமா எப்படித் தூங்கினே?” என்று மட்டும் கேட்டார். நன்றாகத்தான் தூங்கினேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். துணி போனவர்கள் என்னைப் பிடித்துக் கிழிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதனால என்ன மேடம்? வேணும்னா செஞ்சீங்க? கைதவறுதல்தானே,” என்றார். பின்வரிசையில் ஒருவர், நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம் என்றார். இஸ்திரிக்காரரைத் திரும்ப வரச் சொல்லிவிடுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அவரை ஒரே நாளில் துரத்திய அதே வாய்கள்தான். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

அவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. என் போனில் ‘இஸ்திரி’ என்று அவர் நம்பர் எப்போதும் இருந்தது. கூப்பிட்டேன். சோழிங்கநல்லூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். தொளதொளவென்று நீலச் சட்டை, தொப்பி. தேய்க்காத சட்டையில் அவரை நான் பார்த்ததே இல்லை. தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டார்.

“தீ என்னாலதான் வந்தது. நீங்க குடுத்த தணலை அணைக்காம மரத்துப் பொந்துல கொட்டிட்டேன்,” என்றேன்.

“தெரியும்மா. வாரா வாரம் நீங்க அங்க கொட்டுறத பாத்துக்கினுதான இருந்தேன்.”

அப்படியானால் அன்றே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“நான் சொன்னா எவன் நம்புவான்? தப்பிக்கறதுக்கு வூட்டுக்கார அம்மா மேல பழி போடுறான்னுவாங்கோ. உங்க வாயால வந்தாதாம்மா உண்டு.” தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். “நீங்க சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். வூட்டுக்காரி கூட, வேற எடம் பாரு, வேற எடம் பாருன்னு நச்சரிச்சிக்கினு இருந்தா. இரு, அந்த அம்மா நல்லவங்கோ, கூப்புடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன்.”

சங்கத்தில் சொல்லிவிட்டேன், எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், நாளைக்கே வந்துவிடுங்கள், புது வண்டி நான் செய்து தருகிறேன் என்று படபடவென்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கார் வந்தது. போய்க் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தார்.

“எங்கம்மா நிக்கிறது? அந்தத் தெருவுல வேற நெழலு கீதா? மத்தியானத்துல கரிப் பொட்டியத் தூக்கிக்கினு வெட்டவெளில நிக்க முடியுமா?” என்றார். “தளிர் வுட்டுக்கீதுன்னு பூக்காரம்மா போன்ல சொல்லிச்சு. சரி, எப்படியும் போயிடலாம்னு இருந்தேன். அப்பால அதே பூக்காரம்மாதான் மரத்த வெட்டிட்டாங்கன்னு சொல்லிச்சு. அன்னிக்குத்தாம்மா பொட்டிய வித்தேன்.”

வெட்டச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.