என் பெயரில் வந்த மருத்துவ விடுப்பு

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, 1988 தீபாவளி முடிந்த வாரம் என் ஒரே மகன் குணாவைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பதினைந்து வயது. செருப்பு ஒட்டும் கம்மைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முகர்ந்துகொண்டிருந்தான். அந்த வாடை அவன் சட்டையை விட்டுப் போகாது. கணவர் இல்லை. சுங்கை வே எலக்ட்ரானிக் பாக்டரி வேலையில்தான் எங்கள் சோறு. இவன் செத்துப்போவான் என்றே நினைத்தேன்.

உலு லங்காட் காட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படிப்பட்ட பையன்களைத் தங்கவைத்துத் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆற்றுக் குளியல், விறகு வெட்டு, மலை ஏற்றம், உட்காரவைத்துப் பேச்சு. "காசு முடியலன்னா நீங்களே வந்து சமைச்சுப் போடுங்கம்மா" என்றார். எப்படிப் போவது? என் லீவெல்லாம் இவனைத் தேடி அலைந்ததிலேயே தீர்ந்திருந்தது.

கம்பெனி மருத்துவச் செலவு பிள்ளைகளுக்கும் உண்டு. அதில் கேட்டேன். ஆபீஸ் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"காய்ச்சல், ஆபரேஷன்னா தருவாங்கக்கா. காட்டுக்குப் போறதுக்கெல்லாம் கிடைக்காதுலா."

"சாகப் போறான்மா."

"ஆஸ்பத்திரியில படுத்தாதான் கணக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை படுத்த பிறகு வரும் காசு யாருக்கு வேண்டும்?

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் முன்னால் அழுதேன். "தாயே, கம்பெனி மனச மாத்து." வேறு எதுவும் கேட்கவில்லை. கம்பெனி மனம் மாறவில்லை.

கடைசியில், கம்பெனி டாக்டர் இதை நோய் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். குணாவை இழுத்துக்கொண்டு போனேன். கிளினிக் வாசலில் கையை உதறினான். "என்னைக் காட்டுல தள்ளிட்டு நீ நிம்மதியா இருக்கப் போறியா?" என்று கத்திவிட்டு ஓடினான்.

நான் மட்டும் உள்ளே போனேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அழுகைக்கு நடுவே பையன் கதையைச் சொன்னேன். டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "நான் எழுதினாலும் பையனுக்குத் தர மாட்டாங்கம்மா. ஆனா இப்படியே போனா நீங்க விழுந்துடுவீங்க" என்றார். சம்பளத்தோடு இரண்டு வாரம் எனக்கு மருத்துவ விடுப்பு எழுதினார். "நல்ல காத்து உள்ள இடமா போய் இருங்க."

வீட்டுக்கு வந்து, "நானும் காட்டுக்கு வரேன்டா" என்றேன். குணா என்னையே பார்த்தான். மறுநாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி சரி என்றிருந்தால் அவனைத் தனியாக அனுப்பியிருப்பேன். ஓடியிருப்பான். ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டருக்கு, நான் அங்கே அத்தனை பையன்களுக்கும் சோறு வடித்தது தெரியாது!

விடுப்பு முடிந்த காலையில், அவனும் கிளம்பிவிடுவானோ என்று பயந்தேன். "நீ போம்மா. நான் இருக்கேன்" என்றான். காசு வேண்டாம், விறகு வெட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

இப்போது குணா ஷா ஆலமில் வேலை செய்கிறான். வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவன் சட்டையைத் துவைக்கும் முன் இன்னும் முகர்ந்து பார்க்கிறேன். அவனோடு கம் இழுத்த பக்கத்து வீட்டுப் பையன் பிழைக்கவில்லை. அவன் தாயும் இதே அம்மனிடம்தான் அழுதாள். எனக்கு மட்டும் ஏன் கொடுத்தாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள். இப்படித்தான் தர வேண்டும் என்று தாயிடம் அடம்பிடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் தூணோரம் நானும் பிள்ளையை இழந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் இருப்போம். நான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்க ஒன்றும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.