ஆயுதம் என்ற கட்டத்துக்குள் அடங்காத கத்தி

மடக்கி வைத்தால் ஆள்காட்டி விரல் நீளம். விரித்தால் அதோடு ஒரு கட்டைவிரல் சேரும். இதை எடுத்துக்கொண்டு படையெடுக்க நினைப்பவர் அதிகபட்சம் ஓர் அட்டைப்பெட்டியோடு போரிடலாம். அந்தப் போரைத்தான் பார்சல் அறை அக்கா இருபத்திரண்டு வருடங்களாக நடத்திவந்தார், ஒரு நாள்கூடத் தோற்காமல்.

எட்டு மாடி அலுவலகம் அது. அதன் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. மனசு வந்தால் எரியும் ஒரு ட்யூப்லைட். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டு வாங்கிய எதுவானாலும் முதலில் இங்கேதான் இறங்கும். அக்கா ஒட்டுநாடாவைக் கீறி, பெட்டியைத் திறந்து, பட்டியலோடு சரிபார்த்து மேலே அனுப்புவார். கத்தி குடியிருந்தது மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். கண்ணாடிக்கு வீடு கிடையாது, கழுத்துச் சரட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். கூர் மழுங்கினால் டீக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடிவட்டத்தில் நாலு தரம் தேய்ப்பார். அவ்வளவுதான் பட்டறை.

யார் கேட்டாலும் கொடுப்பார். ஒரே நிபந்தனை: மடக்கித்தான் கொடுப்பார், மடக்கித்தான் வாங்குவார். விரித்தபடி நீட்டினால் கை நீளாது, வாய் நீளும்.

"மடக்கிக் குடுங்க. உங்க வீட்டுக் கதவையும் இப்படித்தான் திறந்து போட்டுட்டு வருவீங்களா?"

இதனால் எட்டு மாடிக்கும் அவர் கத்தியக்கா ஆனார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்புவார்.

பிறகு புதிய பாதுகாப்பு அதிகாரி வந்தார். கழுத்தில் விசில். லிஃப்டுக்குள்கூட ஊதியதால் அதுவே பெயராயிற்று. விசில் வந்த வாரமே வாசலில் பைகளைப் படம்பிடிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது, கூடவே பதிவேடு. அதில் நாலு கட்டங்கள்: தேதி, பெயர், பிடிபட்ட ஆயுதம், கையொப்பம். முதல் நாள் முதல் ஆளாக இயந்திரத்தில் சிக்கியது கண்ணாடிக் கூடு.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"ஆயுதம்னு போட்டிருக்கே?"

"அச்சுல அப்படி இருக்கு. நான் என்ன பண்றது?"

"அப்ப அச்சடிச்சவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க."

கத்தி விசிலின் மேசை டிராயருக்குப் போனது. மதியத்துக்குள் அக்காவுக்கு மேலாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது. 'ஆயுதம் கொண்டுவந்தமைக்கு வருந்துகிறேன்' என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். தவறினால் வேலை இல்லை. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது.

வீட்டில் மகள் தாளைப் படித்தாள். "ஒரு வரிதானேம்மா? எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு."

"குடுத்துடலாம்டி. நாளைக்கு யாராவது என்னைப் பத்திக் கேட்டா, ஆயுதத்தோட பிடிபட்டவள்னு ஃபைல் சொல்லும். அப்ப நான் பக்கத்துல நின்னு இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"வேலை போச்சுன்னா?"

"போனா நான் போறேன். இந்தப் பேரோட இருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தோடு மேலாளர் அறைக்குப் போனார். விசிலும் அங்கே விறைப்பாக நின்றிருந்தார். மேலாளர் நிம்மதியாகப் பிரித்தார். நிம்மதி முதல் வரியோடு தீர்ந்தது.

'அது ஆயுதம்தான் என்று நிர்வாகம் கருதுவதால், அதைப் பயன்படுத்தியவர்களின் விவரத்தையும் சமர்ப்பிக்கிறேன்' என்று தொடங்கியது கடிதம். மூக்குக்கண்ணாடித் திருகாணியை முறுக்கிய கணக்கர். நகத்தடியில் ஏறிய மரச் சிலாம்பை எடுத்த டைப்பிஸ்ட். யாருடைய பிறந்தநாள் என்று தெரியாமலே கேக்கை வெட்டிய ஐந்தாம் மாடி மொத்தமும். ஆண்டு ஆய்வு நடந்த காலையில், புதுச் சட்டையின் பின்கழுத்தில் விலைச்சீட்டு தொங்க ஓடிவந்து, அதை அறுத்துவிடச் சொன்ன மேலாளர். கடைசியாக, 'ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை' என்ற அறிவிப்புப் பலகை வந்த பார்சலைப் பிரிக்க, சென்ற திங்கட்கிழமை அந்த ஆயுதத்தைக் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அதிகாரி. அடைப்புக்குறிக்குள்: விரித்தபடியே திருப்பிக் கொடுத்தார்.

'மேற்கண்ட அனைவரும் வருத்தம் தெரிவித்த பின், கடைசி ஆளாக நானும் தெரிவிக்கிறேன்.'

மேலாளரின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"அக்கா, இதை எப்படி ஃபைல்ல வைக்கிறது?"

"ஆயுதம் ஃபைல்ல இருக்கலாம், அதைப் பிடிச்ச கை இருக்கக் கூடாதா சார்?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "கத்தியை வாங்கிக்கோங்க. பழையபடி அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நாங்க பாக்காத மாதிரி இருந்துடுறோம்."

"ஒளிச்சு வச்சாத்தான் சார் அது ஆயுதம்."

"சரி, பதிவேட்டுல இருக்கிற அந்த வரியை அடிச்சுடலாம்."

இங்கேதான் விசில் வாயைத் திறந்தார். "சார், பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாது. விதி."

மேலாளர் அவரைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்திலும் பதிய முடியாது. ஒரே பக்கம் எழுதிய பதிவேடு அந்த நிமிடமே செல்லாததானது. 'வேலைக் கருவி' என்ற கட்டத்தோடு புதிய பதிவேடு அச்சடிக்க உத்தரவு போயிற்று.

திங்கட்கிழமை புதிய பதிவேடு வந்தது, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், சுற்றிச் சுற்றி ஒட்டுநாடாவோடு. அனுப்பியவர் அதற்கு என்ன ஆபத்தை எதிர்பார்த்தாரோ! விசில் அதை ஒரு கையிலும் கத்தியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு பார்சல் அறைக்கு வந்தார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க."

"இந்தக் கத்தி இன்னும் ஆயுதம்தானே? முதல்ல புது நோட்டுல கருவின்னு எழுதுங்க. அதுவரைக்கும் ஆயுதத்தை நானும் தொட மாட்டேன், நீங்களும் விரிக்கக் கூடாது."

"பிரிச்சாத்தானேக்கா எழுத முடியும்?"

"அது உங்க விதி. நான் என்ன பண்றது?"

விசில் நகத்தால் கீறிப் பார்த்தார். பேனாவால் குத்தினார், பேனா வளைந்தது. அறையை ஒரு தரம் நோட்டம் விட்டு, பதிவேட்டின் மூலையை வாயில் வைத்துக் கடித்தார். பிளாஸ்டிக் நீண்டதே தவிர கிழியவில்லை. கழுத்து விசில் ஆடி ஆடி முகவாயில் இடித்தது. மூன்றாவது கடியில் உறை கிழிந்தது.

எழுதினார்: மடக்குக் கத்தி – 1.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டத்தின் தலைப்பை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். விசில் கத்தியை நீட்டினார்.

மடக்கித்தான்.