குழாய் ரேடியோ அலறிய பெண் பார்ப்பு

போன வாரம் விளாங்குடியில் ஒரு கல்யாணம். மேளம் போதாதென்று ஆளுயரப் பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். தங்கச்சி மகன் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிறான். எச்சில்தான் வந்தது, சேதி வரவில்லை. "ஏன்டா கத்துற, மூஞ்சியக் காட்டிப் பேசு" என்றேன். என் கண் தானாக எதிர் வரிசைக்குப் போயிற்று. பழைய மில்லுப் புத்தி.

எண்பதுகளில் நூல் மில்லில் நின்றவர்களுக்கு இது தெரியும். மிஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்போம். அந்தக் கோடியிலிருந்து என் சேக்காளி பாண்டியம்மா, மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால், அவர் வீட்டுக் கதை முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்துவிடுவாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு, அப்பப்பா.

என்னைப் பெண் பார்க்க வந்தது பங்குனிப் பொங்கலன்று. கோயில் பாட்டுக்காக எங்கள் வீட்டு மாடியிலேயே குழாய் ரேடியோ, அதுதான் அந்தக் கூம்பு ஸ்பீக்கர், கட்டியிருந்தார்கள். உள்ளே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்கு விளங்கவில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாப்பிள்ளையின் அப்பாவும் பதிலுக்கு ஆட்டினார். தட்டு மாற்றத் தாம்பாளமும் வந்துவிட்டது. நான் காப்பியோடு நிற்கிறேன். யாருக்கும் கேட்காதென்ற தைரியத்தில் மாப்பிள்ளை தன் கூட்டாளியிடம் சொன்னதை அவர் உதட்டில் அப்படியே பார்த்தேன்.

"எனக்கு வேணாம் மாப்ள. மேலூர்ல அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? வீட்ல சொன்னா அப்பா வெட்டிப்புடுவாரு."

காப்பியைக் கீழே வைத்தேன். கோபமா பயமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்ற பாண்டியம்மாவைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டிருந்தாள். "ரேடியோவ நிறுத்தச் சொல்லு" என்று உதட்டை அசைத்தேன். ஓடினாள்.

பாட்டு பாதியில் நின்றது. கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். நான் மாப்பிள்ளையைக் கேட்டேன்: "மேலூர்ல இருக்கவகளுக்கு என்ன பதில் சொல்லப் போறீக?"

தாம்பாளம் வந்த வழியே உள்ளே போனது. அப்பா ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளையாக வந்த மனுஷன் மட்டும் படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்கு வீடுகள். பாண்டியம்மா போன தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மண்டபத்தில் பாட்டு அலறும்போது யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பது இன்றும் எனக்குத் தெரிகிறது, சமையல்காரர் திட்டுவதுகூட. இருந்தும் விளாங்குடிக் கல்யாணத்தில் எதிர் வரிசையில் முகம் முகமாகத் தேடினேன். என்னைப் பார்த்து அசைகிற உதடு ஒன்றுகூட இல்லை.