சந்தனம் வைத்த கேபிள்

01-07-2020 — ரூ. 11,000
01-07-2021 — ரூ. 11,000
01-07-2022 — ரூ. 11,500
01-07-2023 — ரூ. 12,000
01-07-2024 — ரூ. 12,000
01-07-2025 — ரூ. 12,750

இவை ஹேமாவதிக்கு வந்த ஒப்பந்தக் கடிதங்களின் தேதிகளும் அவற்றில் கண்ட மாதச் சம்பளமும். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கணினி அறையைக் கவனிப்பது அவள் வேலை. ஆறு கடிதங்களிலும் ‘ஓராண்டுக்கு மட்டும்’ என்ற வரி மாறவே இல்லை. வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு அவள் கொடுத்த மனு மேனேஜர் பாண்டியராஜனின் மேசையில் கிடந்தது. அவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது தலைமை அலுவலகத்துக்கு நகரும்.

ஹேமாவதிக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறை. எதையும் இரண்டாக வைத்துக்கொள்வது அவள் பழக்கம். பையில் இரண்டு பேனா, இரண்டு குடை. பால் அளக்கும் மூக்கம்மாளுக்கு அது தீராத வேடிக்கை.

“ஏன் ஆத்தா, மாப்பிள்ளையும் ரெண்டாத்தான் பாக்கணுமா?”

“மொதல்ல ஒண்ணு ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம்க்கா.”

கணினி அறையும் அவள் குணத்துக்குத் தோதாகவே அமைந்திருந்தது. பால் கணக்கெல்லாம் சேரும் வட்டுப் பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவில், தகவலைக் கடத்திவிடும் ‘ஸ்விட்ச்’ பெட்டிகள் இரண்டு. ஒவ்வொரு ஸ்விட்ச் வழியாகவும் இரண்டு பாதைகள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுமையைத் தாங்கிக்கொள்ளும். தாங்குவதால் அறுந்தது யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் காலையில் டீ குடிக்கும் முன் அவள் திரையில் multipath -ll என்று அடித்து, நான்கு பாதைக்கும் ‘ஆக்டிவ்’ என்று வருகிறதா என வாய்விட்டுப் படிப்பாள். சங்கிலிக் கறுப்பனுக்குச் சூடம் காட்டுகிறவள் கூட அவ்வளவு பக்தியாக நிற்கமாட்டாள் என்பது மூக்கம்மாளின் கட்சி.

ஆயுதபூஜைக்கும் மறுநாளுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பஸ் தாமதமாகி அவள் வந்து சேர்ந்தபோது, மதுரையிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் ஜேசுராஜ் கையில் திருப்புளியோடு நின்றிருந்தான். பழசாகிப்போன இரண்டாவது ஸ்விட்சைக் கழற்றிப் புதிதை மாட்ட வேண்டும். பக்கத்தில் மேனேஜர்.

“ஒரு நிமிஷம்ணே, பாதையைப் பாத்துக்கறேன்.”

“நாலும் நல்லாருக்குன்னு நீதானம்மா போன வாரம் சொன்ன?” என்றான் ஜேசுராஜ்.

“அது போன வாரம்ணே.”

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, மிஷின் ஓடுதுல்ல? பச்சை லைட்டு எரியுதுல்ல? பொழுதன்னைக்கும் எதையாவது தட்டிக்கிட்டே இருந்தா எப்படி?”

ஹேமாவதிக்கு மனு ஞாபகம் வந்தது. ஆனாலும் விரல்கள் அடித்துவிட்டன. இரண்டு வரியில் ஆக்டிவ். இரண்டு வரியில் ‘ஃபெயில்டு’. செத்துக் கிடந்தவை முதல் ஸ்விட்சின் இரண்டு பாதைகளும்.

“கழட்டாதீகண்ணே! இது ரெண்டு நாளா ஒத்தைக் காலுல நிக்குது. நீங்க அந்தக் காலைத்தான் வெட்டப் போறீக.”

ஜேசுராஜ் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டான். கழற்றியிருந்தால் சாயங்காலப் பாலைக் கணக்கில் ஏற்ற முடியாமல், அது கேன்களோடு வாசலிலேயே திரிந்திருக்கும். ஹேமாவதியின் பெயரும் கூடச் சேர்ந்து திரிந்திருக்கும்.

அவள் ரேக்குக்குப் பின்னால் போய், சர்வரிலிருந்து முதல் ஸ்விட்சுக்குப் போகும் ஒரே கேபிளை உருவினாள். ஒளி போக வேண்டிய முனையில் காய்ந்த சந்தனம். அதன் மேல் ஒரு துளி குங்குமம்.

“இது யாரு செஞ்ச வேலை?”

டீயோடு வந்த மூக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். “அடி ஆத்தா, அது மானேஜரய்யா வச்ச பொட்டுல்ல! பூசையன்னிக்கு ஸ்பேனருக்கு லீவு, சைக்கிளுக்கு லீவு, இந்தப் பொட்டிக்கு மட்டும் இல்லையேன்னு அவுக மனசு கேக்கல. ‘முழு லீவு விட்டா பாலு கெட்டுரும், அரை லீவாச்சும் விடுவோம்’னு ஒரு வயரை உருவி, சந்தனம் வச்சு, மறுநா அவுகளே சொருகினாக. பயபக்தியாச் செஞ்சாக!”

மேனேஜர் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடு, நான் தொடைக்கிறேன்” என்று மூக்கம்மாள் முந்தானையை எடுக்க, “அக்கா, தொடாதீக!” என்று ஜேசுராஜ் அலறிவிட்டான். பையிலிருந்த துடைப்பானை எடுத்து, கேபிள் முனையையும் அது சொருகும் துளையையும் அவனே சுத்தம் செய்தான். ஹேமாவதி மறுபடி அடித்தாள். நான்கும் ஆக்டிவ். அதற்குப் பிறகுதான் புது ஸ்விட்ச் ஏறியது. சாயங்காலப் பால் வழக்கம்போல வந்தது, வழக்கம்போலப் போனது.

ஜேசுராஜ் பஸ் ஏறியதும் மேனேஜர் கணினி அறைக்குத் தனியாக வந்தார். “பழுது ரிப்போர்ட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே. என்ன எழுதப் போற?”

ஹேமாவதி கொஞ்சம் யோசித்தாள். மனு அவர் கையில். உண்மை இவள் கையில்.

“சந்தனம்னுதான் சார் எழுதணும். யாரு வச்சதுன்னு கேக்க அதுல கட்டம் இல்ல.”

பாண்டியராஜன் வாய்விட்டுச் சிரித்ததை நிலையத்தில் அன்றுதான் கேட்டார்கள். அப்போதே மனுவை எடுத்து அதில் என்னவோ எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்பது ஏழாவது கடிதம் வந்தபோது தெரிந்தது. வேலை நிரந்தரம். ‘ஓராண்டுக்கு மட்டும்’ என்ற வரி இருந்த இடத்தில், மேலாளரின் பரிந்துரைப்படி ஒரு நிபந்தனை: ‘ஆயுதபூஜை நாட்களில் கணினி அறையின் இரண்டு சாவிகளும் இவரிடமே இருக்க வேண்டும். மேலாளர் உட்பட எவரிடமும் தரலாகாது.’

கடிதம் வந்து சேர்ந்த தேதி 09-12-2025.