சவுக்குக் கிளைக்காக வளைந்த சிறகு

மலேசியாவின் மெர்சிங் கடற்கரை விடுதி ஒன்றுக்காக ஓர் அக்கா செய்திருந்த பெரிய இரும்புக் கொக்குச் சிலையை, மாசாயிலிருந்து என் லோரியில் ஏற்றிச் சென்றேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். லோரியோ பாறையோ, எதையும் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

கொக்கை இறக்கி நிறுத்தியபோது, விரித்த சிறகு ஒரு சவுக்குக் கிளையில் இடித்தது. அவர் அளவெடுத்துப் போன பிறகு கிளை வளர்ந்திருந்தது.

"பாராங் கத்தி இருக்குக்கா, கிளைய வெட்டிரட்டுமா?" என்றேன்.

அவர் மரத்தைத் தட்டிக் கொடுத்தார். "வேணாம் தம்பி. இது எத்தன வருசமா இங்க நிக்குது, நாம இன்னிக்கித்தான வந்தோம். இரும்ப வெட்டலாம் லா."

சிறகை அறுத்தெடுத்து, நெருப்பில் காட்டி, கிளையின் வளைவுக்கே வளைத்து மறுபடி வெல்டிங் வைத்தார். மாலைக் காற்றில் கிளை அசைந்தபோது, கொக்கு அப்போதுதான் தரையிறங்குவதுபோல் இருந்தது. அவர் கைதட்டிச் சிரித்தார்.

"மூணு மாச வேலையாச்சே, அறுக்கும்போது வருத்தமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு தம்பி. இப்ப எங்க போச்சுன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால், சாலை நெரிசலில் நிற்கும்போதுகூட நான் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.