மீதித் தண்ணீர்

பிள்ளைகளே, நேற்று சாயங்காலம் வேலை முடிந்து பெங்களூர் ரயிலிலிருந்து நானும் உங்கம்மாவும் ஒன்றாகத்தான் இறங்கினோம். வீட்டுக்குள் நுழைந்ததும், ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா, உங்கள் அத்தை, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த பழைய அலுமினியக் குண்டானைக் காட்டினாள். "மொதல்ல அவனுக்குக் குளிக்கத் தண்ணி ஊத்தி வைம்மா, களைச்சிப் போய் வந்திருக்கான்" என்றாள் உங்கம்மாவிடம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டிலிருந்து வந்த குண்டான் அது. உங்கள் தாத்தா ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வரும்போது அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கம்மாவும் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருப்பாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதான்; தண்ணீர் இறங்கினால்தான் சோறு ஏறும். எல்லாம் முடிந்து அவள் பச்சைத் தண்ணீரில் குளிப்பாள்.

ஒரு மார்கழியில் அவளுக்குக் கடும் இருமல். "கொஞ்சம் மீதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லியே. நீ ஒண்ணும் சொல்லலியேம்மே" என்றார் அப்பா.

சொல்ல வேண்டுமாம்! தினமும் அதைக் காய்ச்சியவளே அவள்தானே? இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

"அவ மட்டும் இன்னா, ஆபீஸ்ல தூங்கிட்டா வந்தா?" என்றேன் நேற்று அக்காவிடம்.

"இன்னாடா, பொண்டாட்டிக்கு வக்கீலா?" என்று சிரித்தாள்.

நானே வாளியில் ஊற்றி வைத்து, உங்கம்மாவை முதலில் குளிக்கச் சொன்னேன்.

பிறகு நான் போனபோது, வாளியில் பாதித் தண்ணீர் ஆவி பறக்க இருந்தது. மீதி வைக்கும்படி நான் சொல்லவே இல்லை.