முள் கம்மியான மீன்

தூண்டில் போடக் கற்றுக்கொள்வதென்று முடிவுசெய்து, ஒரு வாரம் வீடியோக்கள் பார்த்துவிட்டு, ஆஸ்டின் டவுனில் ஒரு கடைக்கு மனைவியோடு போனேன். கோலையும் நரம்பு சுற்றும் சின்ன ரீலையும் சட்டென்று எடுத்துவிட்டேன். லூர் எனும் போலி இரையை எடுக்கும்போதுதான் தகராறு. நான் ஆசைப்பட்டது பளபளக்கும் பிளாஸ்டிக் மீன். வயிற்றிலும் வாலிலும் மும்மூன்று தூண்டில் முட்கள்.

"அண்ணா, முள்ளு கம்மியா இருக்கறதா குடுங்க," என்றாள் மனைவி.

"மீன் கடையில கேக்கற மாதிரியே கேளு!" என்று எரிந்து விழுந்தேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "கரெக்டாதான் கேக்கறாங்க சார். புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒத்த முள்ளே போதும். அது மொதல்ல உங்க கையிலதான் மாட்டும்," என்று ஒற்றை முள் வைத்த ரப்பர் மீனை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போன மீன் பண்ணைக் குட்டையில் ஒரு மீனும் கடிக்கவில்லை. திரும்பும் வழியில் கடையில் மீன் வாங்கி வந்தோம். ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அவள் தட்டில் இருக்கும் மீனுக்கு நான்தான் முள் எடுப்பேன். அன்றும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடாமல் என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கயும் குத்தலயே?" என்றாள்.